கண்ணுக்குத் தெரியாத வேலி

விடியற்காலை வேளை. வாசல் தெளித்துக் கோலம் போடுவதற்காகக் கேட்டை ஒருக்களித்துத் திறக்கிறீர்கள். அவ்வளவுதான்! காலுக்கு இடுக்கில் புகுந்து மணி ஓட்டம் பிடிக்கிறது. (மணி என்பது உங்கள் வீட்டு நாய் என்று வைத்துக்கொள்வோம்.) கோலமாவுக் கிண்ணத்தைப் போட்டுவிட்டு, தெருமுனை வரை கூவிக்கொண்டே ஓடுகிறீர்கள். தில்லை நகரின் குறுக்குத் தெருக்கள் மெயின் ரோட்டில் போய் முட்டுகின்றன. அங்கே வரும் காரையும் ஆட்டோவையும் மணிக்குத் தெரியுமா?

"இனிமேல் சங்கிலியில் கட்டிப் போடவேண்டியதுதான்" என்று வீட்டுக்காரர் தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்.

சற்றுப் பொறுங்கள். கட்டிப் போடுவதிலும் ஒரு வரம்பு உண்டு. மிகக் குட்டையான சங்கிலியில் நெடுநேரம் கட்டி வைப்பதும், எப்போதும் கட்டிக்கிடக்கும் நாயை உலாவ விடாமல் இருப்பதும் 1960-ஆம் வருஷத்து மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். அந்தச் சட்டத்துக்காக ராஜ்ய சபையில் பாடுபட்டவர் யார் தெரியுமா? கலாக்ஷேத்திரத்தை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல்தான். 1962-இல் ஏற்பட்ட பிராணிகள் நல வாரியத்தின் முதல் தலைவியும் அவரே.

அப்படியானால் என்ன வழி? "மண்ணுக்குள் மறைந்திருக்கும் மின்சார வேலி வாங்கலாமே" என்று யாராவது யோசனை சொல்லுவார்கள். மின்சார வேலி என்றதும் யானை விழுந்த செய்திகள் நினைவுக்கு வந்து உங்களுக்குத் தூக்கிவாரிப் போடும். இது அதுவல்ல. தோட்டத்தைச் சுற்றி மண்ணுக்குள் ஒரு கம்பியைப் புதைக்கிறார்கள். வீட்டுக்குள் இருக்கும் ஒரு பெட்டி அதன் வழியாக ரேடியோ சமிக்ஞை அனுப்புகிறது. கம்பியை மிதித்தால் ஒன்றும் செய்யாது. சமிக்ஞையை வாங்கிக்கொள்வது நாயின் கழுத்துப் பட்டை. எல்லையை நெருங்கினால் முதலில் 'பீப்' என்று ஓர் ஓசை. அதையும் மீறி நடந்தால் கழுத்தில் 'சுரீர்' என்று ஒரு சிறு அதிர்ச்சி. சாலையில் அடிபட்ட நாய்களைக் கண்டு மனம் கலங்கிய ரிச்சர்ட் பெக் என்ற அமெரிக்க விற்பனையாளர் இதைக் கண்டுபிடித்து 1973-இல் காப்புரிமை பெற்றார். முன்புறம் மதிலே இல்லாத வீடுகள் அந்த நாட்டில் ஏராளம்.

கம்பியைப் புதைத்துவிட்டால் வேலை முடிந்துவிட்டது என்று நினைத்தால் ஏமாந்தீர்கள். உண்மையான வேலை அதற்குப் பிறகுதான். எல்லை நெடுகச் சிறு கொடிகள் நடவேண்டும். வெள்ளைக் கொடியே உத்தமம். சிவப்பு நம் கண்ணுக்குத்தான் அபாயம், நாயின் கண்ணுக்கு மங்கல்தான். அதிர்ச்சியை அடியோடு நிறுத்திவிட்டு, ஓசை மட்டும் கேட்கும்படி பட்டையைத் திருப்பி வையுங்கள். கயிற்றில் பிடித்துக்கொண்டு கொடிப் பக்கம் போங்கள். 'பீப்' கேட்டதும், "மணி, வா!" என்று உற்சாகமாக அழைத்துத் திரும்புங்கள். திரும்பியதும் ஒரு பிஸ்கட் துண்டு. பத்து நிமிஷம் போதும்; தினம் இரண்டு மூன்று வேளை. ஒரு வாரத்தில் ஓசை கேட்டதும் தானாகவே உங்கள் முகத்தைப் பார்க்கும். அப்புறம் கொடிக்கு அப்பால் பந்தை உருட்டி ஆசை காட்டிப் பாருங்கள்; கயிறு கையிலேயே இருக்கட்டும். இரண்டு வாரத்துக்குப் பிறகு கொடிகளை ஒன்றுவிட்டு ஒன்றாக எடுக்கலாம். உலாவ அழைத்துப் போகும்போது பட்டையைக் கழற்றிவிட வேண்டும். ராத்திரியும் கழற்றி, கழுத்தில் புண் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இத்தனையும் செய்தாலும் எனக்கு ஒரு தயக்கம் உண்டு. லட்சுமணன் கிழித்ததாகச் சொல்லும் கோடு வெளியாளைத் தடுத்தது. இந்தக் கோடு வீட்டு நாயை மட்டுமே தடுக்கும். தெரு நாய் தாராளமாக உள்ளே வரலாம். ஆகவே வெறிநாய்த் தடுப்பூசிக்கு இது மாற்று ஆகாது. கரண்ட் போனால், மாற்று மின்கலம் இல்லாத பெட்டியோடு வேலியும் போயிற்று! சிப்பிப்பாறை, கன்னி போன்ற வேட்டை ஜாதிகள் பூனையைக் கண்டுவிட்டால் 'சுரீரை'ப் பொருட்படுத்தாமல் பாய்ந்துவிடும். பிறகு அதே அதிர்ச்சிக்குப் பயந்து வீடு திரும்பத் தயங்கும். இன்னொன்று, தெருவில் போகும் குழந்தையைப் பார்க்கும் கணத்தில் அதிர்ச்சி பட்டால், அந்த வலிக்குக் காரணம் குழந்தைதான் என்று நாய் எண்ணிவிடக்கூடும். அப்படி எண்ணிய நாய் உறுமத் தொடங்கும். வேல்ஸ் நாட்டில் அதிர்ச்சி தரும் பட்டைகளை 2010-இல் தடையே செய்துவிட்டார்கள்.

நம் தில்லை நகர்த் தனி வீடுகளுக்கு மதில் இருக்கிறது. ஓட்டை என்றால் கேட் ஒன்றுதான். அங்கே மட்டும் இதே பாடத்தை, மின்சாரம் இல்லாமல், சொல்லிக் கொடுக்கலாமே! கேட்டுக்கு ஒரு கஜம் உள்ளே தரையில் வெள்ளைப் பெயிண்டால் ஒரு கோடு போடுங்கள். கயிற்றோடு கோட்டருகே அழைத்து வந்து "நில்!" என்று சொல்லுங்கள். நின்றால் பிஸ்கட். கேட்டை ஒரு சாண் திறங்கள், நின்றால் பிஸ்கட். மீறி ஓடப் பார்த்தால் அடிக்க வேண்டாம், கேட்டைச் சாத்தினால் போதும். பிறகு பாதி, பிறகு முழுவதும். 'பீப்' செய்த வேலையை உங்கள் குரல் செய்யும்.

வீட்டிலுள்ள எல்லோரும் ஒரே சொல்லையே சொல்ல வேண்டும். பாட்டி "இருடா கண்ணு" என்றும், பையன் "ஸ்டாப்" என்றும் சொன்னால் மணி பாவம், யார் பேச்சைக் கேட்கும்? இரண்டு வாரம் கழித்து, விடியற்காலையில் வாளியோடு கேட்டைத் திறந்து பாருங்கள். முதல் சில நாள் மட்டும், கயிற்றின் மறுநுனி வராந்தாத் தூணில் இருக்கட்டும்.