மணலுக்குள் மறைந்திருக்கும் நீர்

ஓதம் இறங்கும்போது கடற்கரையின் ஒரு பகுதி கண்ணாடிபோல் மின்னுவதைக் கவனித்திருப்பீர்கள். அங்கே நிலத்தடி நீர் மணற்பரப்பை எட்டிக் கசிகிறது. உலர்ந்த மணலில் ஏறும் அலைநீரில் ஒரு பகுதி உள்ளே வடிந்துவிடும். திரும்பும் நீர் வலுவிழந்து, கொணர்ந்த மணலை விட்டுச் செல்லும். நீர் நிறைந்த மணலிலோ அது வடிய இடமில்லை. மேல்நோக்கிக் கசியும் நீரின் அழுத்தமும் துகள்களைத் தளர்த்துவதால், திரும்பும் அலை அவற்றை எளிதில் அரித்துச் செல்கிறது.

டென்மார்க்கின் ஹிர்ட்சால்ஸ் கரையில் 1980-களின் தொடக்கத்தில், மணலால் வடிகட்டப்பட்ட கடல்நீரைப் பெறத் துளைக்குழாய் பதித்து இறைத்தனர். கரையோ எதிர்பாராமல் அகன்றது! இதையொட்டி அங்கே உருவானதே கரையின் நீரை வடித்து மணலைக் காக்கும் முறை. பெரும்புயலில் இது மட்டும் போதாது. ஆயினும், கரையைக் காக்க அலையோடு மணலுக்குள் உள்ள நீரையும் கணக்கிட வேண்டும் என்பது தெளிவு.