கோடையில் வீரசோழன் பக்கம் ஒரு நாள் சுற்று: வண்டியை எங்கே நிறுத்தணும்?

மே மாதத்தில் நண்பர்கள் நாலு பேர், ஒரு கார், ஒரு நாள். மலைவாசஸ்தலம் வேண்டாம், ரோட்டோரமாக விநோதமான விஷயங்கள் இருக்கிற பக்கம் போகலாம் என்று பேச்சு வந்தது. திட்டம் போடுகிற வேலை என் தலையில். நான் எடுத்தது அருப்புக்கோட்டை, திருச்சுழி, வீரசோழன் வட்டாரம். "அங்கே சீமைக் கருவேலத்தைத் தவிர என்னடா இருக்கு?" என்று கேட்டார்கள். இந்தக் குறிப்பு அதற்கான பதில்.

முதலில் இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். அமெரிக்காவில் கார் பெருகிய காலத்தில், போகிற வண்டியை நிறுத்த வைப்பதே ஒரு தொழில் ஆனது. தெற்கு டகோட்டாவில் வால் என்ற சின்ன ஊரில் ஒரு மருந்துக்கடை. வியாபாரம் இல்லை. 1936-ல் கடைக்காரரின் மனைவி ஒரு யோசனை சொன்னார்: 'ஐஸ் தண்ணீர் இலவசம்' என்று நெடுஞ்சாலையில் பலகை வையுங்கள். கூட்டம் வந்தது. இன்று அந்தக் கடை பெரிய சுற்றுலாத் தலம். கான்ஸாஸில் காக்கர் சிட்டி என்ற ஊரில் 1953-ல் ஒருவர் சுற்ற ஆரம்பித்த கயிற்று உருண்டையைப் பார்க்கவும் ஆட்கள் போகிறார்கள்.

நம்ம ஊரில் இலவசத் தண்ணீர் புது யோசனையே இல்லை. தண்ணீர்ப் பந்தல், ஊருணி, சாவடி, சத்திரம் எல்லாம் நடந்து போகிறவனுக்காக வைத்தவை. அங்கே வண்டியை நிறுத்தி வியாபாரம் செய்தார்கள். இங்கே நின்றவனின் களைப்பைத் தீர்த்தார்கள். இந்த வித்தியாசம் பிடிபட்டால், வறண்ட பூமியில் எதைப் பார்ப்பது என்பதும் பிடிபடும்.

என் பட்டியலில் ஆறு இடம்:

1. வீரசோழன் வாரச் சந்தை. ஆட்டு வியாபாரத்துக்குப் பேர் போனது. பக்ரீத் நெருங்கும்போது கூட்டம் எகிறும். விடியலில் போனால்தான் சந்தை.

2. திருச்சுழி திருமேனிநாதர் கோவில். பாண்டிய நாட்டின் 14 பாடல் பெற்ற தலங்களில் ஒன்று.

3. அதே ஊரில் சுந்தர மந்திரம். 1879 டிசம்பர் 30-ல் ரமண மகரிஷி பிறந்த வீடு.

4. பள்ளிமடம் காளநாதர் கோவில். குறண்டியில் இருந்த திருக்காட்டாம்பள்ளி என்ற சமணப் பள்ளியின் கற்கள் இந்தச் சிவன் கோவிலில் இருக்கின்றன. கழுகுமலைக் கல்வெட்டுகளில் பேர் வருகிற அளவுக்குப் பெரிய பள்ளி அது.

5. கமுதி கோட்டை. குண்டாற்றங்கரையில் சேதுபதிகள் கட்டியது.

6. செங்கப்படை சூரிய மின் நிலையம். 2016-ல் முடிந்தபோது ஒரே இடத்தில் அமைந்தவற்றில் உலகிலேயே பெரியது: 648 மெகாவாட், சுமார் 25 லட்சம் தகடுகள். தண்ணீர் இல்லாத ஊர் என்பதால் தகடுகளைத் துடைக்க ரோபோ. வெளியே ரோட்டில் நின்று பார்த்தாலே போதும்.

ஆறு இடத்தை 720 விதமாக வரிசைப்படுத்தலாம். தூரத்தை மட்டும் பார்த்தால் மதுரையிலிருந்து அருப்புக்கோட்டை நாலு வழிச் சாலையைப் பிடிக்கத் தோன்றும். ஆனால் சந்தை விடியலில். கோவில் நடை மதியம் சாத்திவிடும். 12 முதல் 3.30 வரை அக்னி நட்சத்திர வெயில். இந்த மூன்று நிபந்தனையைப் போட்டதும் 720 சுருங்கி ஒன்றிரண்டுதான் மிஞ்சுகிறது. அதனால் தலைகீழாகப் போகிறோம்: இருட்டோடு கிளம்பி பார்த்திபனூர் பக்கமாக வீரசோழன், பிறகு திருச்சுழி, பள்ளிமடம். மதியம் சாப்பாடு, மரத்தடி, நுங்கு. ஒருவனுக்குச் சர்க்கரை, அதனால் சாப்பாட்டு நேரம் தள்ளிப்போகக் கூடாது. சாயங்காலம் கமுதி, செங்கப்படை. அருப்புக்கோட்டை வழியாகத் திரும்பல்.

ஏழாவதாக ஒன்று உண்டு. அது பட்டியலில் வராது, கூகுள் மேப்பிலும் அநேகமாக வராது: சுமைதாங்கிக் கல். நட்ட இரண்டு கல், மேலே குறுக்காக ஒரு பலகைக் கல். தலைச்சுமையோடு வருகிறவர் யாரையும் கூப்பிடாமல் தானே சுமையை இறக்கவும், திரும்ப ஏற்றவும் தோதான உயரம். பார்க்க விநோதமாகத்தான் இருக்கும், ஆளில்லாத வாசல் மாதிரி. ஆனால் அதை யாருக்காக வைத்தார்கள்? பிள்ளையைச் சுமந்தபடியே, பெறாமல் இறந்துபோன பெண்ணின் நினைவாக வைப்பது வழக்கம். அவள் இறக்கி வைக்க முடியாத சுமையை, வழியில் போகிற யாரோ இறக்கி வைக்கட்டும் என்று குடும்பத்தார் வைத்தது. சிலவற்றில் பேரும் வருஷமும் வெட்டியிருக்கும். ஒரு சாதாரணப் பெண்ணின் பேர் கல்லில் இருப்பதே அபூர்வம். சாலை அகலமாகும்போது முதலில் பெயர்கிற கல்லும் இதுதான், ஏனென்றால் ரோட்டை ஒட்டியே நிற்கும். தலைச்சுமை போனபிறகு, அது எதற்கு என்று கேட்பாரும் இல்லை.

அதனால் வண்டிக்கு ஒரே விதி: 40 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டக் கூடாது, ஜன்னலோரம் இருப்பவன் ஃபோனைப் பார்க்கக் கூடாது. கல் கண்ணில் பட்டால் இறங்கணும். நாலு பக்கமும் படம், எழுத்து இருந்தால் சாய்ந்த வெளிச்சத்தில் தனிப் படம், இடத்தின் ஆயத்தொலைவு, பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் ரெண்டு வார்த்தை. சுண்ணாம்பு, மாவு எதையும் எழுத்தில் தேய்க்கக் கூடாது. வீடு வந்ததும் படங்களை விக்கிமீடியா பொதுவகத்திலும், இடத்தை ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்பிலும் ஏற்றிவிடணும். நாளைக்கு ரோடு அகலமானாலும், அங்கே ஒரு கல் நின்றது, அதில் இன்னார் பேர் இருந்தது என்பதாவது மிஞ்சும்.