நிலையங்களை மறக்காத எமது ஐயா

2017ஆம் ஆண்டு மாசி மாதத்தில், ரொறன்ரோவின் கிழக்கே ஸ்காபரோவிலுள்ள ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில் எமது ஐயா கண்மூடினார். அப்போது அவருக்கு வயது 83. மரண அறிவித்தலில் 'இளைப்பாறிய புகையிரத நிலைய அதிபர்' என்று போட்டோம். நோயின் பெயரைப் போடவில்லை. அல்சைமர் என்ற சொல்லை ஐயாவின் பெயரோடு அச்சில் காண்பதற்குப் பிள்ளைகளாகிய எமக்கே கூச்சமாக இருந்தது. அந்தக் கூச்சம் தவறென்று உணர்வதற்கு எமக்குச் சில ஆண்டுகள் பிடித்தன. அதனைச் சொல்லவும் ஐயாவை நினைவுகூரவுமே இதனை எழுதுகிறோம்.

ஐயா 1934 தை மாதத்தில் சுன்னாகத்துக்கு அண்மையில் ஒரு தோட்டக்காரக் குடும்பத்தில் பிறந்தவர். வீட்டுக்கும் தண்டவாளத்துக்கும் இடையில் ஒரு மிளகாய்த் தோட்டந்தான் இருந்தது. வண்டி போகும் ஓசையை வைத்தே பாட்டியார் உலை வைப்பாராம். 1956 சித்திரையில் யாழ்தேவி கொழும்புக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே ஓடத் தொடங்கியபோது, ஐயா புகையிரதத் திணைக்களத்தில் பயிற்சி பெற்றுக்கொண்டிருந்தார். அதே ஆண்டு ஆனியில் சிங்களம் மட்டும் சட்டம் வந்தது. அரச சேவையில் நிலைக்க வேண்டுமாயின் சிங்களம் கற்றாக வேண்டும் என்றாயிற்று. ஐயா கற்றார், நன்றாகவே கற்றார். பின்னர் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக வடக்கிலும் தெற்கிலும் பல நிலையங்களில் கடமையாற்றினார்.

அவருடைய தொழிலைப் பற்றி அவர் எமக்குச் சொன்னது ஒன்றே ஒன்றுதான். ஒற்றைப் பாதையில் இரு வண்டிகள் எதிரெதிரே வந்துவிடக் கூடாது. அதற்காக ஒரு நிலையத்துக்கும் அடுத்த நிலையத்துக்கும் இடையிலுள்ள பாதைக்கு, ஒரு நேரத்தில் ஒரேயொரு தகடுதான் வெளியில் எடுக்கப்படும். ரப்லெற் என்று சொல்வார்கள். வளையம் பூட்டிய தோற்பைக்குள் இருக்கும் அந்தத் தகடு சாரதியின் கைக்குப் போகாமல் வண்டி நகரக் கூடாது. "அந்தத் தகட்டை மறந்தால் நூறு சனத்தின்ரை உயிர் போகும்" என்பார் ஐயா. மறத்தல் என்பது அவருடைய தொழிலில் குற்றமாக இருந்தது.

1983 ஆடியில் அவர் தென்பகுதியில் ஒரு நிலையத்தில் இருந்தார். பின்னர் அகதிகளோடு கப்பலேறிக் காங்கேசன்துறையில் வந்திறங்கினார். இடையில் நடந்தது என்னவென்று அவர் சொல்லவில்லை. நாமும் கேட்கவில்லை. 1989இல் இளைப்பாறினார். அடுத்த ஆண்டு ஆனியில் மீண்டும் போர் மூண்டதோடு யாழ்ப்பாணத்துக்கான புகையிரதம் நின்றுபோனது. தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் பெயர்க்கப்பட்டுப் பதுங்குகுழிகளுக்குப் போயின. 1995 ஐப்பசி 30ஆம் நாள் வலிகாமம் இடம்பெயர்ந்தபோது, 61 வயதில் ஐயாவும் அம்மாவும் நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்கு நடந்தார்கள். 1998இல் எம்மிடம் கனடாவுக்கு வந்து சேர்ந்தார்கள். 2006இல் அம்மா காலமானார்.

நோயின் முதல் அடையாளங்களை நாம் கண்டது 2009இல். கறிவேப்பிலை வாங்கக் கடைக்குப் போனவர் இரண்டு மணி நேரம் கழித்து வெறுங்கையோடு திரும்பினார். மூக்குக் கண்ணாடி குளிர்சாதனப் பெட்டிக்குள் கிடந்தது. கேட்ட கேள்வியையே ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கேட்டார். வயது போனால் மறதி வரத்தானே செய்யும் என்றோம். அம்மா இல்லாத தனிமை என்றோம், பனிக்காலத்துச் சலிப்பு என்றோம். இவ்வாறு இரண்டு ஆண்டுகளை வீணாக்கினோம்.

2011இல் வைத்தியர் ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்து, ஒரு மணிக்கூட்டை வரைந்து அதில் பதினொரு மணி பத்து நிமிடத்தைக் காட்டும்படி ஐயாவைக் கேட்டார். இது இந்நோயைக் கண்டறிய வழமையாகச் செய்யப்படும் சோதனைகளில் ஒன்று. வாழ்நாள் முழுவதும் மணிக்கூட்டைப் பார்த்து வண்டிகளை அனுப்பிய மனிதர், எல்லா எண்களையும் வட்டத்தின் ஒரு பக்கத்தில் எழுதிவிட்டு, முட்களை எங்கே வைப்பதென்று தெரியாமல் எம்மைப் பார்த்தார். அந்தப் பார்வையை நாம் இன்னும் மறக்கவில்லை.

இந்த நோய்க்குப் பெயர் தந்தவர் அலொய்ஸ் அல்சைமர் என்னும் ஜேர்மானிய வைத்தியர். 1901இல் பிராங்பேர்ட் நகரின் மனநோய் மருத்துவமனையில் 51 வயதுப் பெண் ஒருவரை அவர் பரிசோதித்தார். அப்பெண் 1906இல் இறந்தபின் அவருடைய மூளையை நுணுக்குக்காட்டியில் ஆராய்ந்து, அதே ஆண்டில் தாம் கண்டவற்றை மருத்துவர்களிடம் எடுத்துரைத்தார். அமிலாயிட் என்னும் புரதம் நரம்புக் கலங்களுக்கு வெளியே திட்டுத் திட்டாகப் படிகிறது. டௌ என்னும் மற்றொரு புரதம் கலங்களுக்கு உள்ளே முறுக்கிச் சிக்குகிறது. கலங்கள் மெல்ல மெல்ல மடிகின்றன. புதிய நினைவுகளைப் பதிக்கும் பகுதி பெரும்பாலும் முதலிலேயே தாக்கப்படுவதால், காலையில் உண்டது மறந்துபோக, அறுபது ஆண்டுகளுக்கு முன் கண்டது எஞ்சி நிற்கிறது. பிற்காலத்தில் கற்ற மொழி போய்த் தாய்மொழி தங்குவதும் பலரிடம் காணப்படுகிறது. உலகில் ஐந்தரைக் கோடிக்கும் அதிகமானோர் மறதி நோய்களோடு வாழ்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. அவற்றுள் மிகப் பெரும்பங்கு அல்சைமர்தான்.

இதனையெல்லாம் நாம் பின்னர்தான் அறிந்தோம். அறியாத காலத்தில் நாம் செய்த பிழைகள் பல. "ஐயா, இது யாழ்ப்பாணமில்லை, கனடா" என்று நாளுக்குப் பத்துத் தரம் திருத்தினோம். "கொம்மா எங்கை?" என்று கேட்டபோதெல்லாம், "அம்மா செத்துப்போனா, ஐயா" என்று உண்மையைச் சொன்னோம். அவருக்கு அது ஒவ்வொரு முறையும் புதிய செய்தி. ஒவ்வொரு முறையும் முதல் தடவை கேட்பவர் போலவே அழுதார். ஒரு மார்கழி இரவில், இரவு மெயில் வரும் நேரமென்று சாரத்தோடும் செருப்போடும் பனிக்குள் இறங்கிப் போய்விட்டார். காவல்துறையினர் அவரைக் கண்டது ஒரு பேருந்துத் தரிப்பிடத்தில். அதன்பின் கதவுக்கு இரண்டாவது பூட்டுப் போட்டோம். அவர் கதவைத் தட்டித் தட்டிக் கெஞ்சியபோது உரத்த குரலில் ஏசியும் இருக்கிறோம். அதற்காக இன்றும் வருந்துகிறோம்.

எமக்கு வழி காட்டியவர் ஒரு தாதி. "அம்மா எங்கே என்று கேட்டால், அம்மாவின் சமையலைப் பற்றிக் கேளுங்கள். இரவு வண்டி என்றால், எத்தனை மணிக்கு என்று கேளுங்கள். அவர் இருக்கும் இடத்துக்கு நீங்கள் போங்கள், நீங்கள் இருக்கும் இடத்துக்கு அவரை இழுக்காதீர்கள்" என்றார். அன்றிலிருந்து வீட்டில் அழுகை குறைந்தது. ஐயா பேசத் தொடங்கினார்.

காங்கேசன்துறை, தெல்லிப்பழை, சுன்னாகம், கோண்டாவில், யாழ்ப்பாணம், நாவற்குழி, சாவகச்சேரி, கொடிகாமம், பளை, ஆனையிறவு, பரந்தன், கிளிநொச்சி, மாங்குளம், வவுனியா என்று நிலையங்களை ஒப்புவிப்பார். முதலில் பொல்காவலை வரை போனார். பின்னர் அனுராதபுரத்தோடு நின்றார். பேரப்பிள்ளைகளின் பெயர்களை மறந்த பின்னும், நிலத்தில் தண்டவாளமே இல்லாதுபோன அந்தப் பாதை அவரிடம் ஒழுங்காக இருந்தது.

2014இல் வீட்டில் வைத்துப் பார்க்க இயலாமற் போனபோது, அவரைப் பராமரிப்பு இல்லத்தில் சேர்த்தோம். பெற்றவரைக் கொண்டுபோய் விட்டுவிட்டார்கள் என்று ஊர் சொல்லும் என அஞ்சினோம். சிலர் சொல்லவும் செய்தார்கள். அங்கே இரவில் யாராவது அறைக்குள் வந்தால், ஐயா வாயில் விரலை வைத்து, "கதா கரண்ட எப்பா, மாத்தையா" என்று சிங்களத்தில் கிசுகிசுப்பார். 'பேசவேண்டாம், ஐயா' என்று பொருள். ஏன் சிங்களம், யார் யாருக்குச் சொன்னது என்று எமக்கு விளங்கவில்லை. நோயின் பிதற்றல் என்றே எண்ணினோம்.

ஐயாவோடு திணைக்களத்தில் வேலை செய்த முதியவர் ஒருவர் ஒருநாள் பார்க்க வந்தார். அந்த வார்த்தைகளைக் கேட்டதும் அவர் கண் கலங்கிவிட்டார். "பிள்ளையள், உங்களுக்கு இது தெரியாதோ? எண்பத்து மூண்டிலை கொப்பரை மூண்டு நாள் தன்ரை வீட்டுக்குள்ளை ஒளிச்சு வைச்சது ஒரு சிங்களப் பொயின்ற்ஸ்மன். வெளியிலை சனம் தேடிக்கொண்டு திரியேக்கை, அந்தாள்தான் உப்பிடிச் சொல்லி வாயைப் பொத்திக்கொண்டு இருந்தது. பிறகு இரவோடை இரவாகக் கொண்டுபோய் அகதி முகாமிலை விட்டது. கொப்பர் கப்பலிலை வரேக்கை எனக்குச் சொன்னவர்" என்றார்.

எம்மை ஒரு தகப்பனின் பிள்ளைகளாக வளரவிட்ட மனிதரைப் பற்றி, முப்பது ஆண்டுகளுக்கு மேல் நாம் ஒன்றும் அறியாதிருந்தோம். அவருடைய பெயர் என்னவென்று கேட்டோம். வந்தவருக்குத் தெரியவில்லை. ஐயாவிடம் கேட்டோம். பல நாட்கள், பல விதமாகக் கேட்டோம். அவர் சிரித்தார், பின்னர் வாயில் விரலை வைத்தார். பெயர் அவரிடமிருந்து போய்விட்டது. பத்து ஆண்டுகளுக்கு முன் ஒருமுறை கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். அந்த மனிதரைத் தேடிச் சென்று நன்றி சொல்லியிருக்கலாம். அவர் இல்லாவிடில் அவருடைய பிள்ளைகளிடமாவது சொல்லியிருக்கலாம். அந்தக் கடன் இனித் தீராது.

2014 ஐப்பசியில் யாழ்தேவி மீண்டும் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தது. அந்த ஒளிப்படக் காட்சியை ஐயாவுக்குக் காட்டினோம். அவர் யாழ்ப்பாணம் என்று சொல்லவில்லை, எதுவுமே சொல்லவில்லை. வண்டி நிலையத்துக்குள் நுழைந்தபோது மட்டும், வலக்கையை உயர்த்தி நீட்டினார். சாரதியிடமிருந்து வளையத்தை வாங்கும் கை அது. வண்டி நிற்கும்வரை அதனை இறக்கவில்லை.

அன்பான வாசகர்களே, எமது பட்டறிவிலிருந்து இரண்டைச் சொல்லி முடிக்கிறோம்.

முதலாவது, இந்த நோயை மறைக்காதீர்கள். இது பைத்தியமுமல்ல, பரம்பரைச் சாபமுமல்ல. முற்றாக மாற்றும் மருந்து இன்னும் இல்லை. ஆனால் முற்கூட்டியே அறிந்தால், பிள்ளைகள் ஆயத்தமாகலாம். நோயாளரும் தமது விருப்பங்களைத் தாமே சொல்லலாம். உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு, கவனிக்காது விட்ட செவிட்டுத் தன்மை, தனித்திருத்தல் ஆகியவை இந்நோய்க்கான வாய்ப்பைக் கூட்டுகின்றன என்று ஆய்வுகள் காட்டுகின்றன. இவை எமது முதியவர்களிடையே நாம் அன்றாடம் காண்பவை, கவனிக்கக் கூடியவை.

இரண்டாவது, இன்றே கேளுங்கள். எமது வீடுகள் இடிந்தன. எமது படங்களும் பத்திரங்களும் எரிந்தன. இடம்பெயர்ந்து வந்த குடும்பத்துக்கு எஞ்சியிருக்கும் பதிவேடு, மூலையில் கதிரையில் இருக்கும் அந்த முதியவர்தான். அவர் எங்கே வேலை செய்தார், யாருடைய வீட்டில் ஒளிந்திருந்தார், யார் சோறு போட்டார்கள் என்று கேளுங்கள். பெயர்களைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

ஒவ்வோர் ஆண்டும் ஐயாவின் திவசத்தன்று அவருடைய படத்துக்கு முன் ஒரு விளக்கும், அருகில் இன்னொரு விளக்கும் ஏற்றுகிறோம். அந்த இரண்டாவது விளக்கு யாருக்கென்று பேரப்பிள்ளைகள் கேட்கிறார்கள். நடந்ததை அவர்களுக்குச் சொல்கிறோம். பெயரைத்தான் சொல்ல முடியவில்லை.