தங்கைக்குத் திறக்கும் சர்வர் சித்தி மகனுக்குத் திறக்காதது ஏன்?

கோடை விடுமுறையில் பல வீடுகளில் இது நடக்கும். பழைய கணினியில் மைன்கிராஃப்ட் சர்வரைப் பதிவிறக்கி, இயுலா என்ற சின்னக் கோப்பில் ‘ஃபால்ஸ்’ என்றிருப்பதை ‘ட்ரூ’ என்று மாற்றி ஓடவிட்டாயிற்று. பக்கத்து அறையில் இருக்கும் தங்கை அடுத்த நொடியே விளையாட்டுக்குள் வந்துவிடுகிறாள். கோவையில் இருக்கும் சித்தி மகனுக்கு மட்டும் சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்து, கடைசியில் இணைய முடியவில்லை என்று வருகிறது. அவனுக்கு அனுப்பிய முகவரி 192.168.1.5.

சிக்கல் அந்த முகவரியிலேயே தொடங்குகிறது. 192.168 என்று ஆரம்பிக்கும் எண்கள் வீட்டுக்குள்ளும் அலுவலகத்துக்குள்ளும் மட்டும் புழங்க என்று ஒதுக்கப்பட்டவை. யார் வேண்டுமானாலும் அவற்றை வைத்துக்கொள்ளலாம். கோவை வீட்டு டிவிக்கும் அதே எண் இருக்கலாம். அப்படியானால் சித்தி மகனின் கணினி இவ்வளவு நேரமும் அவன் வீட்டு டிவியின் கதவைத்தான் தட்டிக்கொண்டிருந்தது.

ஒரே எண்ணை ஊரெல்லாம் பயன்படுத்தும் இந்த ஏற்பாடு பஞ்சத்தில் பிறந்தது. ஐபிவி4 என்ற பழைய முறையில் உலகத்துக்கே மொத்தம் 429 கோடி முகவரிகள்தான். அவை போதாது என்பது 1990-களின் தொடக்கத்திலேயே தெரிந்துவிட்டது. வீட்டிலுள்ள எல்லாக் கருவிகளும் வெளியுலகுக்கு ஒரே முகவரியைக் காட்டும் ‘நாட்’ என்ற உத்தி 1994-இல் ஆவணமாக வெளிவந்தது. தற்காலிகத் தீர்வு என்றுதான் அதை எழுதியவர்களே சொன்னார்கள். முப்பது ஆண்டு கடந்தும் அதுதான் ஓடிக்கொண்டிருக்கிறது.

நாட் எப்படி வேலை செய்கிறது என்று புரிய, அடுக்குமாடிக் குடியிருப்பின் காவலாளியை நினைத்துக்கொள்ளுங்கள். 3பி வீட்டுக்காரர் பிரியாணி சொல்லியிருக்கிறார் என்று அவருடைய நோட்டில் இருந்தால், டெலிவரி பையனை மேலே அனுப்புவார். யாரும் எதுவும் சொல்லாமல் ஒருவர் வந்து நின்றால், “எந்த வீட்டுக்குப்பா?” என்பார். பதில் இல்லையென்றால் வாசலோடு சரி. ரவுட்டரும் இதையே செய்கிறது. உள்ளிருந்து ஒரு கருவி வெளியே ஏதாவது கேட்டால் அதைக் குறித்து வைத்துக்கொண்டு, வரும் பதிலை அந்தக் கருவிக்கே சேர்க்கிறது. யூடியூப் பார்க்க இது போதும். ஆனால் சர்வர் என்பது விருந்தாளிகள் தாமாக வரும் வீடு. கேட்காமல் வருபவரை எந்தக் கணினிக்கு அனுப்புவது என்று ரவுட்டரின் நோட்டில் இல்லை.

எழுதி வைத்துவிட்டால் தீர்ந்தது. அதற்குப் பெயர்தான் போர்ட் ஃபார்வர்டிங். மைன்கிராஃப்ட் ஜாவா பதிப்பு 25565 என்ற டிசிபி போர்ட்டில், அதாவது அந்த எண்ணுள்ள வாசலில், காத்திருக்கும். கைபேசியிலும் டேப்லெட்டிலும் ஓடும் பெட்ராக் பதிப்பு 19132 என்ற யுடிபி போர்ட்டில். ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில், இந்த எண்ணுக்கு வருபவரை 192.168.1.5-க்கு அனுப்பு என்று ஒரு வரி சேர்க்க வேண்டும். அதற்கு முன்பே அந்தக் கணினிக்கு அதே உள் முகவரி எப்போதும் கிடைக்கும்படி ரவுட்டரில் ஒதுக்கி வையுங்கள். இல்லாவிட்டால் ஒரு நாள் அந்த எண் அப்பாவின் கைபேசிக்குப் போயிருக்கும். விண்டோஸின் ஃபயர்வால் முதல் முறை அனுமதி கேட்டபோது எரிச்சலில் ‘வேண்டாம்’ என்று அழுத்தியிருந்தால் அதையும் சரிசெய்யுங்கள். சித்தி மகனுக்கு இனி அனுப்ப வேண்டியது ரவுட்டரின் வெளி முகவரி. சோதனையை உங்கள் வைஃபையிலேயே செய்யாதீர்கள். வீட்டுக்குள்ளிருந்து வெளி முகவரி வழியாக வீட்டுக்கே திரும்பி வருவது பல ரவுட்டர்களுக்குத் தெரியாது. கைபேசி டேட்டாவில் சோதித்தால் உண்மை தெரியும்.

இவ்வளவும் செய்தும் திறக்கவில்லையா? நம் ஊரில் பலர் வந்து நிற்கும் இடம் இது. 2011 பிப்ரவரியில் உலகப் பொதுக் கையிருப்பில் இருந்த ஐபிவி4 முகவரிகள் தீர்ந்தன; இரண்டே மாதத்தில் ஆசிய-பசிபிக் பகுதியின் கையிருப்பும் கடைசித் தொகுதிக்கு வந்தது. தாமதமாக வளர்ந்த நம் பிராட்பேண்ட் நிறுவனங்களில் பலவும் நிறைய வீடுகளைச் சேர்த்து ஒரே வெளி முகவரிக்குப் பின்னால் வைக்கின்றன. காவலாளிக்கு மேல் இன்னொரு காவலாளி. இவர் காலனியின் பெரிய கேட்டில் நிற்கிறார், சம்பளம் நீங்கள் கொடுப்பதில்லை. உங்கள் வீட்டு நோட்டில் எதை எழுதினாலும் அவருக்குத் தெரியாது.

கண்டுபிடிப்பது எளிது. ரவுட்டர் தன் வெளி முகவரி என்று காட்டும் எண்ணையும், ‘என் ஐபி என்ன’ என்று கூகுளில் தேடினால் வரும் ஐபிவி4 எண்ணையும் ஒப்பிடுங்கள். இரண்டும் வேறாக இருந்தால் நடுவில் இன்னொரு நாட் இருக்கிறது. 100.64 முதல் 100.127 வரை தொடங்கும் எண்ணாக இருந்தால் அது நிறுவனத்தின் கேட்தான். 2012-இல் இதற்கென்றே ஒதுக்கிய தொகுதி அது. 192.168 என்று இருந்தால், நிறுவனம் தந்த ஃபைபர் பெட்டிக்குப் பின்னால் நீங்கள் வாங்கிய ரவுட்டரைச் செருகியிருக்கலாம். அது உங்கள் கையிலேயே தீரும்.

நிறுவனத்தின் கேட் என்றால், மாதம் கூடுதலாகப் பணம் கட்டி நிலையான ஐபி வாங்கலாம். நான்கு பேர் விளையாட அது தேவையில்லை என்பேன். ஐபிவி6 என்ற புதிய முறையில் ஒவ்வொரு கருவிக்கும் தனி முகவரி உண்டு; 2016-இல் ஜியோ வந்தபின் இந்தியா அதில் முன்வரிசையில் நிற்கிறது. ஆனால் இரு பக்கமும் அது இருக்க வேண்டும். ரவுட்டரின் ஃபயர்வாலையும் திறக்க வேண்டும். டெயில்ஸ்கேல், ஜீரோடியர் போன்ற செயலிகள் இதைவிடச் சுலபம். இரண்டு கணினிகளும் ஒரே நேரத்தில் வெளிநோக்கிப் பேசுகின்றன. இரு காவலாளிகளும் ‘உள்ளிருந்து கேட்டதற்குப் பதில்தானே’ என்று நம்பி வழிவிடுகிறார்கள். அதுவும் பலிக்காவிட்டால் நடுவில் ஒரு சர்வர் வழியாகப் போகும், பிங் என்ற தாமதம் கொஞ்சம் ஏறும். மைன்கிராஃப்ட் சர்வர் நொடிக்கு 20 முறைதான் உலகைப் புதுப்பிக்கிறது என்பதால் கட்டை அடுக்குபவர்களுக்கு அது பெரிதாக உறுத்தாது.

இந்த வழியில் போர்ட்டைத் திறக்கவே வேண்டியதில்லை என்பது எனக்கு இன்னும் பிடித்த காரணம். திறந்த போர்ட்டைத் தேடி இணையம் முழுவதும் தானியங்கி நிரல்கள் அலைந்துகொண்டே இருக்கின்றன. 2021 டிசம்பரில் லாக்4ஜே என்ற மென்பொருள் துண்டில் ஓட்டை வெளிப்பட்டபோது, மைன்கிராஃப்ட் சாட்டில் குறிப்பிட்ட வடிவில் ஒரு வரி தட்டினாலே அந்நியரின் நிரலைச் சர்வரில் ஓடவிட முடிந்தது. அதற்கு ஐந்தாண்டு முன்பு, தொழிற்சாலைக் கடவுச்சொல்லை மாற்றாத ரவுட்டர்களையும் கேமராக்களையும் பிடித்துப் படைதிரட்டிய ‘மிராய்’ நிரலை எழுதிய அமெரிக்க இளைஞர்களின் முதல் இலக்குகளில் மைன்கிராஃப்ட் சர்வர்களும் இருந்தன. விளையாட்டுத் தகராறுதானே என்று விட முடியாத அளவுக்கு அது வளர்ந்தது. 2017-இல் மூவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். ஆகவே போர்ட் திறப்பவர்கள் அந்த ஒன்றை மட்டும் திறங்கள். சர்வரை அவ்வப்போது புதுப்பியுங்கள். ‘வைட்லிஸ்ட்’ போட்டு, தெரிந்த பெயர்களை மட்டும் உள்ளே விடுங்கள். ரவுட்டரின் கடவுச்சொல் இன்னமும் ‘அட்மின்’தானா என்று இன்றைக்கே பாருங்கள்.

கரண்ட் போய் வந்தால் ரவுட்டருக்கு வேறு வெளி முகவரி கிடைத்திருக்கலாம். சித்தி மகன் மறுபடி போன் செய்வான். டைனமிக் டிஎன்எஸ் சேவையில் ஒரு பெயர் எடுத்துக் கொடுத்துவிட்டால் அந்தத் தொல்லை இல்லை. சர்வரை நிறுத்தும்போது கருப்புத் திரையில் ‘ஸ்டாப்’ என்று ஆங்கிலத்தில் தட்டி, உலகம் சேமிக்கப்படும்வரை பொறுங்கள். பகலெல்லாம் ஃபேன் இரைச்சலோடு ஓடும் அந்தப் பெட்டியின் ஸ்விட்சை அம்மா தட்டுவதற்குள் அதைச் செய்துவிட வேண்டும்.