எதை வைத்துச் சொல்கிறாய்?

பாடப்புத்தகத்தின் ஒரு பத்தியைக் குழந்தை தடங்கலின்றி உரக்கப் படித்து முடித்தவுடன் அதற்குப் படிக்கத் தெரிந்துவிட்டது என்று எண்ணிக்கொள்வது வீட்டிலும் பள்ளியிலும் நெடுநாளைய வழக்கம். ஆனால் எழுத்தைக் கண்டு ஒலியாக மாற்றுவது ஒரு திறன். அந்த ஒலியிலிருந்து பொருளைத் திரட்டிக்கொள்வது வேறொரு திறன். பிலிப் கஃப், வில்லியம் டன்மர் என்னும் இரு ஆய்வாளர்கள் 1986இல் இவ்விரண்டையும் ஒரு பெருக்கல் கணக்காக எழுதிக் காட்டினர். எழுத்தறிதலும் மொழியைப் புரிந்துகொள்ளுதலும் ஒன்றோடொன்று பெருக்கப்பட்டே வாசிப்பு ஆகின்றது என்பதும், இரண்டில் ஒன்று சுழியமானால் மற்றது எவ்வளவு பெரிதாக இருந்தாலும் விடை சுழியமே என்பதும் அவர்கள் கருத்து.

தமிழில் இந்த வேறுபாடு எளிதில் கண்ணுக்குப் படுவதில்லை. எழுத்துகள் 247 என்றாலும் எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள உறவு பெரும்பாலும் ஒழுங்கானது என்பதால், எழுத்துக்கூட்டப் பழகிய குழந்தை தான் ஒருபோதும் கேட்டிராத சொல்லையும் திருத்தமாகப் படித்துவிடுகிறது, கேட்பவரும் நிறைவடைந்துவிடுகிறார். பாடத்தின் கீழ் அச்சிடப்படும் வினாக்களும் பல நேரங்களில் இந்த இடைவெளியை மறைத்துவிடுகின்றன. “பிங்கு தோளியில் சமுக்கியது” என்று பொருளற்ற ஒரு தொடரை எழுதி, பிங்கு எங்கே சமுக்கியது என்று கேட்டால், இரண்டாம் வகுப்புக் குழந்தையும் “தோளியில்” என்று தயங்காமல் விடை சொல்லும். வேற்றுமை உருபைப் பார்த்து எடுத்த விடைதான் அது. பிங்கு யார், தோளி எது என்பதை அந்தக் குழந்தை அறிய வேண்டிய தேவையே எழவில்லை. வினாவில் உள்ள சொல்லைப் பத்தியில் தேடி அதன் பக்கத்துச் சொல்லை எடுத்தெழுதினால் முழு மதிப்பெண் கிடைக்கும் தேர்வு, புரிதலை அளப்பதாகாது.

புரிதலின் உயிர்நாடி உய்த்துணர்தல், அதாவது சொல்லப்பட்டதைக் கொண்டு சொல்லப்படாததை அறிதல். நூலாசிரியன் கையாளும் 32 உத்திகளை அடுக்கும் நன்னூல் அவற்றின் இறுதியில் “உய்த்துணர வைப்பு” என்பதை வைத்திருக்கிறது. எழுதுபவர் எல்லாவற்றையும் எழுதிவிடுவதில்லை, படிப்பவர் இட்டு நிரப்பிக்கொள்வார் என்று நம்பிச் சிலவற்றை விட்டுவைக்கிறார் என்பதை இலக்கண ஆசிரியர்கள் அன்றே ஓர் உத்தியாக வகுத்திருக்கின்றனர். விட்டதை நிரப்பும் வேலையைக் குழந்தை எப்படிக் கற்கிறது என்பதே வகுப்பறையின் கேள்வி.

ஒரு சிறு பத்தியைக் கொண்டு இதை அருகில் பார்க்கலாம்: “பள்ளியிலிருந்து வந்த முருகன் பையைத் திண்ணையில் வைத்தான். சட்டை முழுவதும் நனைந்திருந்தது. அம்மா கொடியை நோக்கி ஓடினாள்.” மூன்றே வாக்கியங்கள். மழை என்ற சொல் எங்கும் இல்லை. இரண்டாம் வாக்கியத்தில் யாருடைய சட்டை என்பதும் இல்லை. முதல் வாக்கியத்தை நினைவில் வைத்திருப்பவருக்கே அது முருகனுடையது என்று தெரியும். இவ்வாறு ஒரு வாக்கியத்தை மற்றொன்றோடு கோப்பது ஒருவகை ஊகம். எழுவாயைத் தாராளமாக விட்டுவிடும் தமிழில் அடிக்கொரு தரம் இது தேவைப்படுகிறது. அம்மா ஏன் ஓடினாள் என்பதற்கான விடையோ பத்தியில் எங்குமே இல்லை. உலக அறிவிலிருந்துதான் அதைக் கொண்டுவர வேண்டும். இது இரண்டாம் வகை ஊகம். அதற்குள் “கொடி” என்னும் சொல் வேறு குறுக்கே நிற்கிறது: முல்லைக்கொடியா, தேசியக்கொடியா, துணி காயும் கொடியா? மாடிக் குடியிருப்பில் மடக்குத் தாங்கியில் துணி உலர்வதை மட்டுமே கண்ட குழந்தை இங்கே திகைத்தால் அது அறிவுக் குறைவு ஆகாது. அந்தப் பொருள் அதன் வாழ்வில் இல்லை, அவ்வளவே.

பின்புல அறிவின் இந்த வலிமையை 1988இல் டோனா ரெக்ட், லாரன் லெஸ்லி ஆகியோர் அமெரிக்க மாணவர்கள் 64 பேரிடம் ஆராய்ந்தனர். பேஸ்பால் ஆட்டத்தைப் பற்றிய பத்தியைப் படித்தபோது, ஆட்டம் நன்கு தெரிந்த, வாசிப்பில் பின்தங்கிய மாணவர்கள், ஆட்டம் தெரியாத, வாசிப்பில் தேர்ந்த மாணவர்களை விஞ்சினர். கரைவலை இழுப்பதைப் பற்றிய பாடத்தைக் கடலோரக் குழந்தையும் மலைக்கிராமத்துக் குழந்தையும் ஒரே அளவில் புரிந்துகொள்ள முடியாது என்பதை ஆசிரியர்கள் தம் அனுபவத்தால் அறிவர். ஆயினும் பின்புல அறிவு மட்டும் போதாது. பிரிட்டனில் ஜேன் ஓக்ஹில்லும் உடன் பணியாற்றியவர்களும் 7, 8 வயதுக் குழந்தைகளிடம் செய்த ஆய்வுகளில், சரளமாகப் படித்தும் பொருள் கொள்ளாத குழந்தைகள் பலர், தேவையான செய்தி தமக்குத் தெரிந்திருந்தும் அதைப் பத்தியோடு பொருத்திப் பார்க்க வேண்டும் என்று உணராமலேயே கடந்துபோவது தெரியவந்தது. பழக்கினால் இது மாறும் என்பதும் அவ்வாய்வுகளின் முடிவு.

பழக்குவதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டியதில்லை. “எதை வைத்துச் சொல்கிறாய்?” என்ற ஒரு கேள்வி போதும். முருகன் பத்தியைக் கேட்ட வகுப்பில் ஒரு குழந்தை, மழை பெய்கிறது, துணி எடுக்க அம்மா ஓடினாள் என்று சொல்லக்கூடும். இன்னொன்று, அவன் வாய்க்காலில் விழுந்துவிட்டான், துவட்டத் துண்டு எடுக்க ஓடினாள் என்று சொல்லக்கூடும். விடைக்குறிப்பு முதலாவதை மட்டும் ஏற்கும். ஆனால் மூன்று வாக்கியங்களுக்கு இரண்டுமே பொருந்துகின்றன, இரண்டாம் குழந்தையின் காரணத்தில் எந்தப் பழுதும் இல்லை. அதைத் தவறென்று ஒதுக்காமல் இரண்டையும் கரும்பலகையில் எழுதிவிட்டு, நான்காம் வாக்கியத்தைக் காட்டலாம்: “பாட்டி முற்றத்து வடகத்தை அவசரமாக அள்ளினாள்.” இப்போது வாய்க்கால் ஊகம் விழுந்துபோகிறது, வாய்க்காலில் விழுந்த பேரனுக்காக யாரும் வடகத்தை அள்ளுவதில்லை. தன் ஊகத்தைத் தானே திருத்திக்கொள்ளும் அந்த நொடிதான் வாசிப்புக் கல்வியின் மிக மதிப்புள்ள பகுதி; அதற்கு நேரம் ஒதுக்காத வகுப்பு மற்றெல்லாவற்றையும் செய்தும் முக்கியமானதைத் தவறவிடுகிறது. இத்தகைய நேரம் எவ்வளவு அரிது என்பதை டொலோரஸ் டர்க்கின் அமெரிக்கப் பள்ளிகளில் நேரில் அமர்ந்து கணக்கிட்டு 1978–79இல் வெளியிட்டார்: நான்காம் வகுப்புகளில் கவனித்த 4,469 நிமிட வாசிப்புப் பாடத்தில், பொருள் கொள்ளும் வழியைக் கற்பித்தது 20 நிமிடம் மட்டுமே. வினா கேட்டு விடையைச் சரிபார்ப்பது நிறையவே நடந்தது. விடையை எப்படி அடைவது என்பதைக் காட்டியதுதான் மிக அரிது.

காட்டுவது என்றால், ஆசிரியர் தம் மனத்தில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே படிப்பது. “கொடி என்று இருக்கிறது, எந்தக் கொடி என்று தெரியவில்லை, அடுத்த வரியையும் பார்ப்போம்” என்று ஆசிரியரே தயங்கிக் காட்டும்போது, தயங்குவது தோல்வியல்ல, படிப்பின் ஒரு பகுதி என்று குழந்தைக்குத் தெரிகிறது. விடையைக் குழந்தை தன் பேச்சுத் தமிழிலேயே சொல்ல விடுவதும் இன்றியமையாதது. “தொவட்ட துண்டு எடுக்க ஓடிச்சு” என்ற விடையில் சிந்தனை முழுமையாக இருக்கிறது. அந்த இடத்தில் “ஓடினாள்” என்று திருத்தினால் குழந்தை அடுத்த முறை காரணத்தை விட்டுவிட்டு இலக்கணத்தை நினைக்கும், அல்லது வாயே திறக்காது. எழுத்துத் தமிழைப் பிறகு எழுதும்போது கற்பித்துக்கொள்ளலாம்.

எழுத்து அறியாத வயதிலேயே இதற்கு வித்திடலாம். பெயரை மறைத்து அடையாளங்களை மட்டும் தரும் விடுகதை, உய்த்துணர்தலுக்குத் தமிழ் வீடுகளில் வழிவழியாக வந்த பயிற்சி. விடையைக் கண்டுபிடித்த குழந்தையிடம் எந்த அடையாளத்தால் கண்டுபிடித்தாய் என்று மேலும் ஒரு வினாவைக் கேட்டால், பின்னாளில் பத்தியைப் படிக்கும்போது செய்ய வேண்டியதை அது அப்போதே செய்யத் தொடங்குகிறது.

தமிழ்நாட்டில் 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் தொடக்க வகுப்புகளின் அடிப்படை வாசிப்பைக் குறிவைத்தது. அதன் பின் வந்த வாசிப்பு இயக்கம் “நுழை, நட, ஓடு, பற” என்று படிநிலை வகுத்த சிறு கதைப் புத்தகங்களைப் பள்ளிகளுக்குக் கொண்டுசென்றது. குழந்தைகள் விரும்பிப் படிக்கக்கூடிய மெல்லிய புத்தகங்கள் அரசுப் பள்ளிகளை எட்டியது பெரிய செயல். அவற்றைப் படித்து முடித்தவர் எண்ணிக்கையைப் பதிவேட்டில் குறிப்பதோடு, வாரம் ஒரு நாள் ஒரே ஒரு பக்கத்தை எடுத்து, இரண்டு ஊகங்களைக் கரும்பலகையில் எழுதி, எந்த வரி எதைத் தாங்குகிறது என்று குழந்தைகள் விரல் வைத்துக் காட்டும்படி அரைமணி நேரம் பேசவிடுவதற்குக் கூடுதல் செலவு எதுவும் ஆகாது. அந்த அரைமணி நேரத்தில் பாதிக் குழந்தைகளின் விரல் தவறான வரியில் இருக்கும். கற்பித்தலை அங்கிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது.