லனாவ் ஏரிக்கரையில் ஒரு கர்பலா

கர்பலா என்றதும், வாசகர்களே, உங்கள் உள்ளம் யூப்ரடீஸ் நதிப்புறம் சென்றுவிடும். பிலிப்பைன்ஸின் மிந்தனாவோ தீவிலும் அப்பெயர் தாங்கிய வெளி ஒன்று உண்டென்பதை நம்மில் சிலரே அறிவர். லனாவ் ஏரியின் தென்கரையில், பயாங் என்னும் ஊரில் உள்ள 'பாதாங் கர்பலா' அது.

ஸ்பெயின், தன்னால் முழுமையாக அடக்க இயலாத அம்மண்ணையும் சேர்த்து, பிலிப்பைன்ஸை 1898-ஆம் ஆண்டுப் பாரிஸ் உடன்படிக்கையின்படி 2 கோடி டாலருக்கு அமெரிக்காவிடம் கொடுத்துவிட்டது. அங்கு வாழ்ந்த மரனாவ் முஸ்லிம்களின் சம்மதத்தை எவரும் கேட்கவில்லை.

தம் சிப்பாய்களைக் கொன்றோரை ஒப்படைக்குமாறு 1902-இல் அமெரிக்கர் கோரினர். பயாங் சுல்தான் பணியவில்லை. மே 2 அன்று கர்னல் பால்ட்வினின் படை பீரங்கிகளுடன் பண்டபடான் 'கோத்தா'வைத் தாக்கியது. (நமது கோட்டைக்கு உறவான சொல்தான் அது!) மண்சுவரும் மூங்கிலும் அகழிகளுமே அதன் அரண், உள்ளிருந்தோரிடம் பெரும்பாலும் வாளும் ஈட்டியுமே இருந்தன. ஆயினும் அன்று மாலைவரை அது வீழவில்லை. கொட்டும் மழையில் இரவு கழிந்தது. மறுநாள் காலையில் வெள்ளைக்கொடி ஏறியபோது சுல்தான் உயிருடன் இல்லை. அவரோடு மாண்டோர் 300-க்கும் மேற்பட்டவர். அமெரிக்கர் சுமார் 10 பேர்.

வென்றவர்கள் அருகில் அமைத்த முகாமுக்கு, அங்கு வீழ்ந்த தம் அதிகாரி விக்கர்ஸின் பெயரைச் சூட்டினர். மரனாவ் மக்களோ, அப்போர்க்களத்தைக் கர்பலா என்றழைத்தனர்.