போனுக்கும் காலாவதி தேதி உண்டு; பெட்டியில்தான் அச்சிடுவதில்லை

2025 தீபாவளி அக்டோபர் 20-இல் வந்தது. அதற்குள் பழைய போனைத் தள்ளிவிட்டுப் புதிது வாங்கிவிட வேண்டுமா என்று கேட்டு வாசகர் கடிதங்கள் வந்தபடி இருந்தன. ஜிஎஸ்டி குறைந்ததே, போனுக்கும் குறைந்திருக்குமே என்றார் ஒருவர். பழைய போனில் வாட்ஸ்அப் நின்றுவிடுமாமே என்று பதறினார் இன்னொருவர். “இந்த மாடலுக்கு இனிமேல் அப்டேட் வராது சார், எக்ஸ்சேஞ்சில் போட்டுடுங்க” என்று கடைக்காரர் சொன்னதை நம்பலாமா என்று கேட்டவர்கள்தான் அதிகம்.

கடைக்காரர் எதற்காகச் சொன்னாரோ, கேட்க வேண்டிய கேள்வி அதுதான். ராம் எவ்வளவு, கேமரா எத்தனை மெகாபிக்சல் என்பதை விளம்பரமே சொல்லிவிடும். போனுக்குப் பாதுகாப்பு அப்டேட் எந்த மாதத்தோடு நிற்கும் என்பதை எந்த விளம்பரமும் பெரிய எழுத்தில் போடாது. பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். எம்.ஆர்.பி. இருக்கும், தயாரித்த மாதம் இருக்கும், கதிர்வீச்சைக் குறிக்கும் சார் அளவுகூட இருக்கும். பத்து ரூபாய் பிஸ்கட் பாக்கெட்டில் இருக்கும் காலாவதி தேதி மட்டும் இருக்காது. போனை மாற்றலாமா என்பதை முடிவு செய்ய வேண்டியது அந்தத் தேதிதான். தள்ளுபடி முடியும் நாளுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

அப்டேட் நின்றால் என்ன? போன் அப்படியேதானே இருக்கிறது?

போன் அப்படியேதான் இருக்கிறது. சிக்கலே அதுதான்.

2015 ஜூலையில் ஜிம்பீரியம் நிறுவனத்தின் ஜோஷுவா டிரேக், ஆண்ட்ராய்டில் படம், வீடியோவைக் கையாளும் பகுதியில் இருந்த ஓட்டைகளை வெளியே சொன்னார். ‘ஸ்டேஜ்ஃபிரைட்’ என்ற பெயரில் உலகம் முழுக்கப் பேசப்பட்ட விவகாரம் அது. உங்கள் எண் தெரிந்தால் போதும். ஒரு எம்எம்எஸ் அனுப்பியே போனுக்குள் நுழைய வழி இருந்தது. நீங்கள் எதையும் தொட வேண்டியதுகூட இல்லை. அந்த அதிர்ச்சிக்குப் பிறகுதான், 2015 ஆகஸ்ட் முதல், கூகுள் மாதந்தோறும் பாதுகாப்பு அறிக்கை வெளியிடத் தொடங்கியது.

அந்த மாத அறிக்கை வேலை செய்யும் விதத்தைக் கவனியுங்கள். ஓட்டை தெரிந்ததும் கூகுள் முதலில் போன் தயாரிப்பாளர்களுக்குத் தகவல் தருகிறது. பிறகு அறிக்கை வெளியாகிறது. அதையொட்டி, அடைப்பதற்கான திருத்தங்கள் ஆண்ட்ராய்டின் திறந்த மூலநிரலில் சேர்கின்றன. திறந்த மூலநிரல் என்பதால் யாரும் அதைப் படிக்கலாம். பழைய வரிகளையும் புதிய வரிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எந்த வரியில் ஓட்டை இருந்தது என்று தெரிந்துவிடும். அதை அடைப்பவர்களுக்கும் தெரியும். நுழையப் பார்ப்பவர்களுக்கும் தெரியும்.

புதிய போனுக்கு அந்தத் திருத்தம் போய்ச் சேர்கிறது. அப்டேட் நின்றுபோன போனிலும் பெரும்பாலும் அதே வரிகள்தான் ஓடிக்கொண்டிருக்கின்றன. அதற்குத் திருத்தம் போகவில்லை. ஆனால் எங்கே ஓட்டை என்ற விவரம் ஊருக்கே தெரிந்துவிட்டது. புதிய போன்களைக் காப்பாற்றும் ஒவ்வொரு திருத்தமும் பழைய போன்களைத் தாக்குபவருக்குக் குறிப்பு எடுத்துக் கொடுக்கிறது. ஓட்டையைத் தேடிக் கண்டுபிடிக்கும் கடினமான வேலை அவருக்கு மிச்சம். திருத்தம் போகாத போன் எங்கே இருக்கிறது என்று பார்த்தால் போதும். உங்கள் போனில் எதுவும் மாறாமலே அதன் பாதுகாப்பு மாதாமாதம் கரைவது இப்படித்தான்.

இது ஏட்டுச் சுரைக்காய் அல்ல. 2025 செப்டம்பர் அறிக்கையில் இருந்த ஓட்டைகளில் இரண்டை, திருத்தம் வருவதற்கு முன்பே சிலர் பயன்படுத்திக்கொண்டிருந்ததற்கான அறிகுறிகள் உண்டு என்று கூகுளே ஒப்புக்கொண்டது. ‘குறிப்பிட்ட சிலரை மட்டும் குறிவைத்து’ என்ற அடைமொழியோடுதான். அறிக்கை வெளியான பிறகு அந்த வட்டம் குறிப்பிட்ட சிலரோடு நிற்கும் என்பதற்கு யாரும் உத்தரவாதம் தரவில்லை.

‘மாதந்தோறும் அப்டேட்’ என்றால் மாதந்தோறுமா?

2025 ஜூலை அறிக்கையில் ஒரு திருத்தம்கூட இல்லை. அதுவரை பத்தாண்டில் அப்படி நடந்ததில்லை. ஓட்டையே இல்லையோ என்று மகிழ வேண்டாம். ஆபத்து அதிகமானவற்றை மட்டும் மாதாமாதம் அனுப்புவது, மற்றவற்றைச் சேர்த்துவைத்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை அனுப்புவது என்று கூகுள் முறையை மாற்றிக்கொண்டிருக்கிறது. தயாரிப்பாளர்களின் சுமை குறையும், அதனால் கூடுதல் போன்களுக்குத் திருத்தம் போய்ச் சேரும் என்பது கூகுள் தரப்பு விளக்கம். விமர்சகர்கள் கேட்பது வேறு: திருத்தத்தைப் பற்றிய தகவல் பல நிறுவனங்களின் கையில் மாதக்கணக்கில் கிடந்தால், அது வெளியே கசியாது என்று எப்படி நம்புவது?

போன் காட்டும் தேதியையும் முழுதாக நம்பிவிட முடியாது. ஜெர்மனியின் செக்யூரிட்டி ரிசர்ச் லேப்ஸைச் சேர்ந்த கார்ஸ்டன் நோல், ஜேக்கப் லெல் இருவரும் 1,200 போன்களின் மென்பொருளைச் சோதித்து 2018 ஏப்ரலில் முடிவை வெளியிட்டார்கள். செட்டிங்ஸில் தெரியும் தேதிவரை வந்திருக்க வேண்டிய திருத்தங்களில் சில, பல போன்களில் இல்லை. சில இடங்களில் திருத்தம் எதையும் சேர்க்காமல் தேதியை மட்டும் மாற்றியிருந்தார்கள். கூகுள், சாம்சங், சோனி போன்களில் விடுபட்டவை மிகக் குறைவு. டிசிஎல், இசட்டிஇ போன்களில் அதிகம். சில மாடல்கள் தங்கள் சான்றிதழே பெறாதவை என்று கூகுள் சமாதானம் சொன்னது.

என் போனில் எந்தத் தேதியைப் பார்க்க வேண்டும்?

செட்டிங்ஸில் ‘அபௌட் போன்’ போய் ‘ஆண்ட்ராய்டு வெர்ஷ’னைத் தட்டினால் பெரும்பாலான போன்களில் இரண்டு தேதிகள் தெரியும். ஒன்று ‘ஆண்ட்ராய்டு செக்யூரிட்டி அப்டேட்’. இன்னொன்று ‘கூகுள் பிளே சிஸ்டம் அப்டேட்’. பல வாசகர்கள் இரண்டாவதைப் பார்த்துவிட்டு ‘என் போன் புதிதாகத்தான் இருக்கிறது’ என்று எழுதியிருக்கிறார்கள். அது ஆண்ட்ராய்டு 10 முதல், தயாரிப்பாளரைக் கேட்காமலே கூகுள் நேரடியாகச் சில பகுதிகளைச் சரிசெய்யும் வழி. நல்ல ஏற்பாடுதான். ஆனால் சிப்பை இயக்கும் மென்பொருள், மோடம் போன்ற அடித்தளப் பகுதிகள் அதில் வராது. பார்க்க வேண்டியது முதல் தேதி. அது ஓராண்டுக்கு முந்தையது என்றால், கடைக்காரர் சொன்னது உண்மை.

ஆண்ட்ராய்டு 12-க்கான திருத்தங்களை கூகுளே 2025 மார்ச்சோடு நிறுத்திவிட்டது. அதற்கும் பழைய பதிப்புகளில் நிற்கும் போன்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

ஐபோனில் கதை கொஞ்சம் மாறும். 2015-இல் வந்த ஐபோன் 6எஸ்ஸுக்கு 2025 செப்டம்பரில்கூட ஒரு பாதுகாப்புத் திருத்தம் வந்தது. அதற்காக ‘பத்தாண்டு உத்தரவாதம்’ என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. தெரிந்த ஓட்டைகள் எல்லாவற்றையும் பழைய பதிப்புகளில் அடைப்பதில்லை என்று ஆப்பிளே எழுதி வைத்திருக்கிறது.

‘7 ஆண்டு அப்டேட்’ என்று விளம்பரம் செய்யும் போனை வாங்கினால் 7 ஆண்டு கிடைக்குமா?

கிடைக்காது. அந்த 7 ஆண்டை எண்ணத் தொடங்குவது போன் சந்தைக்கு வந்த நாளிலிருந்து. நீங்கள் பணம் கொடுத்த நாளிலிருந்து அல்ல. சாம்சங் கேலக்ஸி எஸ்24 வந்தது 2024 ஜனவரியில். 2025 தீபாவளிக்கு அதை வாங்கியவருக்கு மிச்சமிருந்தது ஐந்தேகால் ஆண்டு. உயர் ரகப் போனில் இந்த இழப்பு பெரிதாகத் தெரியாது. நான்கு ஆண்டு என்று சொல்லும் பட்ஜெட் போனில்தான் கடிக்கும். தள்ளுபடியில் அதிகம் விலை குறைவது போன வருட மாடல். ஆயுளில் ஒரு பங்கைக் கிடங்கிலேயே கழித்துவிட்டு வருவதும் அதுவே.

ஆகவே விலையைத் தனியாகப் பார்க்காதீர்கள். மிச்சமுள்ள பாதுகாப்பு ஆண்டுகளால் வகுத்துப் பாருங்கள். நான்கு ஆண்டு வாக்குறுதியோடு வந்து ஒன்றரை ஆண்டு ஆன போன் ரூ.14,000 என்றால், மிச்சம் இரண்டரை ஆண்டு, ஆண்டுக்கு ரூ.5,600. ஆறு ஆண்டு வாக்குறுதியோடு ஆறு மாதம் முன்பு வந்த போன் ரூ.20,000 என்றால், ஆண்டுக்கு ரூ.3,640-க்குக் கீழே. இப்போது கையில் இருக்கும் போனுக்கு இன்னும் ஒன்றரை ஆண்டு அப்டேட் உண்டு, ரூ.2,000-க்கு பேட்டரி மாற்றினால் ஓடும் என்றால் ஆண்டுக்கு ரூ.1,333. மூன்றில் எது மலிவு என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் கணக்கு வேறு. ஒரு மாடல் சந்தைக்கு வருவது நின்ற நாளிலிருந்து ஐந்து ஆண்டு அப்டேட் தர வேண்டும். கடைசியாக வாங்குபவருக்கும் முழு ஐந்து ஆண்டு என்பது நோக்கம். ஆனால் விதியின் வாசகத்தில் ‘அப்டேட் வழங்கினால்’ என்றொரு நிபந்தனை ஒட்டிக்கொண்டிருக்கிறது. வழங்கவே இல்லை என்றால் என்ன என்று ஒரு வழக்கறிஞர் கேட்க அந்த ஒரு சொல் போதும். பிரிட்டனில் 2024 ஏப்ரல் முதல், குறைந்தபட்சம் எதுவரை பாதுகாப்பு அப்டேட் தருவோம் என்று தயாரிப்பாளர் வெளிப்படையாக அறிவித்தாக வேண்டும். நாம் நிறுவனத்தின் இணையதளத்தில் மாடல் பெயரைப் போட்டுத் தேடிக்கொள்ள வேண்டியதுதான். பில் போடுவதற்கு முன்பே தேடுங்கள்.

வங்கிச் செயலி திறக்க மறுப்பது இதனால்தானா?

இருக்கலாம். போன் நம்பத் தகுந்ததா என்று செயலிகள் கூகுளிடம் கேட்டுக்கொள்ள ஒரு வசதி உண்டு. 2025 மே முதல், ஆண்ட்ராய்டு 13-ம் அதற்கு மேலும் உள்ள போன்கள் அதில் மிக உயர்ந்த தரச்சான்று பெற, கடந்த ஓராண்டுக்குள் பாதுகாப்பு அப்டேட் பெற்றிருக்க வேண்டும். அந்த உச்சச் சான்றைக் கேட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயம் செயலிகளுக்கு இல்லை. கேட்கும் செயலி உங்கள் போனை நிராகரிக்கும். வேடிக்கை என்னவென்றால், ஆண்ட்ராய்டு 12-ம் அதற்குக் கீழும் உள்ள போன்களுக்கு இந்த ஓராண்டு நிபந்தனை கிடையாது. அதிகம் பழசான போன் தேர்வில் தேறும், அதைவிடப் புதியது தோற்கும் என்ற நிலையும் வரலாம்.

புதிய போன் வாங்கினால் மோசடியிலிருந்து தப்பிக்கலாமா?

பெரும்பாலும் இல்லை. ‘உங்கள் வண்டிக்கு அபராதம்’ என்று வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே கோப்பை நாமே நிறுவினால், நேற்று வாங்கிய போனும் கைகொடுக்காது. ஓடிபியைச் சொல்லிவிட்டால் போன் எந்த மாடலாக இருந்தால் என்ன? அப்டேட் அடைப்பது மென்பொருளின் ஓட்டையை மட்டும்.

சரி, முடிவாக என்ன செய்வது?

பாதுகாப்பு அப்டேட் முடிய ஓராண்டுக்கு மேல் இருந்தால் போனை வைத்துக்கொள்ளுங்கள். சார்ஜ் நிற்காவிட்டால் பேட்டரியை மாற்றுங்கள். சில மாதங்கள்தான் மிச்சம் என்றால் விலையை விசாரிக்கத் தொடங்குங்கள், அவசரம் இல்லை. முடிந்து ஓராண்டு தாண்டிவிட்டது, அதில்தான் வங்கிக் கணக்கும் யுபிஐயும் இருக்கிறது என்றால் மாற்றத்தான் வேண்டும்.

மற்ற கேள்விகள், சுருக்கமாக:

ஜிஎஸ்டி குறைந்ததால் போன் விலை குறைந்ததா? இல்லை, 2025 செப்டம்பர் 22-க்குப் பிறகும் போனுக்கு அதே 18 சதவீதம்தான். ஏசியும் பெரிய டிவியும்தான் 28-லிருந்து இறங்கின.

வாட்ஸ்அப் நின்றுவிடுமா? 2025 நிலவரப்படி ஆண்ட்ராய்டு 5.0, ஐஓஎஸ் 15.1 அல்லது அதற்கு மேல் இருந்தால் நிற்காது.

‘நோ காஸ்ட் இஎம்ஐ’யில் வட்டி இல்லையா? உண்டு, அதைத் தள்ளுபடியாக முன்கூட்டியே கழித்துக் காட்டுகிறார்கள், வட்டி மீதான 18 சதவீத ஜிஎஸ்டி உங்கள் தலையில். ‘பூஜ்ய வட்டி’ என்று ஒன்றே கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013-லேயே சொல்லிவிட்டது.

5ஜி இல்லாததால் மாற்ற வேண்டுமா? அது ஒன்றுதான் காரணம் என்றால் வேண்டாம்.

எக்ஸ்சேஞ்சில் கொடுக்கும் முன்? கூகுள் அல்லது ஆப்பிள் கணக்கை நீக்கிவிட்டு ஃபேக்டரி ரீசெட் செய்யுங்கள்.

பழைய போனை அம்மாவுக்குக் கொடுத்துவிடலாமா? அப்டேட் முடிந்த போன் என்றால், பேசவும் பாட்டுக் கேட்கவும் கொடுங்கள். அவருடைய ஓய்வூதியக் கணக்கை மட்டும் அதில் ஏற்றிவிடாதீர்கள்.